வாசற்படிக்கு வெளியே

மலைப்பாதையின் கடைசி வளைவில் வேன் நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னால் சவப்பெட்டி. அதன்மேல், செத்தவனின் உயிருக்கு வழிகாட்டக் காலைக் கட்டி உட்காரவைத்த வெள்ளைச் சேவல். வெளியூரில் செத்தவனின் உயிர் வழி தவறிவிடாமல் இருக்க, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வழி நெடுகக் கணவனின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள் யுன்ஷியா.

"பாவோலின், பாலம் தாண்டுறோம். கூடவே வந்துடு."

தொண்டை கட்டிப்போயிருந்தது. வீட்டு முற்றத்தில் கணவனின் அண்ணன் பாவோச்செங் வழி மறித்து நின்றார். வெளியே செத்தவனை வாசற்படி தாண்ட விடக்கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்றார். அவர் மருமகளுக்கு நிறைமாதம். ஏற்கெனவே ஒரு குழந்தை வயிற்றிலேயே போயிருந்தது.

"அவன் கட்டின வீடு அத்தான் இது."

"தெரியும்மா." அவர் குரல் உடைந்தது. "இப்படித் தடுக்க எனக்கு மட்டும் ஆசையா?"

அவள் தலையசைத்தாள். சண்டை போட உடம்பில் தெம்பில்லை.

களத்துமேட்டில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே பெட்டியை வைத்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சுரங்கத்தார் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவள் மூடியின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். பிள்ளை இல்லாததால் அண்ணனே மண்சட்டியை உடைத்தார். சோளக்கொல்லைக்கு மேலே குழி. அவ்வளவுதான்.

ஏழாம் நாள் செத்தவன் கடைசியாக ஒருமுறை வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான், போய்விடுவான். அப்போது வீட்டார் யாரும் அவன் கண்ணில் படக்கூடாது. பட்டால் போக மனம் வராது. யுன்ஷியா அவனுக்குப் பிடித்த பன்றிக்கறியை மிளகாய் போட்டு வறுத்து, அரிசிச் சாராயத்தோடு மேசையில் வைத்தாள். அவன் வந்துபோன தடம் தெரிய, முற்றத்திலிருந்து அடுப்படிவரை சாம்பலைச் சலித்துத் தூவினாள். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, பொழுது சாய்கையில் பாவோச்செங் வீட்டுக்குப் போனாள்.

விடிந்ததும் இருவரும் வந்தார்கள். அவள் கீழே பார்க்காமல் சுவரோரமாக நேரே உள்ளே போனாள்.

வீட்டுக்குள் சாம்பல் தூவியது தூவியபடியே கிடந்தது. கறியின் மேல் கொழுப்பு உறைந்திருந்தது.

"வரலை," என்றாள். "வழி தெரியலை அவனுக்கு."

பாவோச்செங் இன்னும் முற்றத்திலேயே நின்றிருந்தார். கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

முற்றத்துச் சாம்பலில் காலடிகள்.

வெறுங்கால். வலது பாதம் மட்டும் இழுபட்டிருந்தது. வாசற்படிவரை நேராக வந்திருந்தன. அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக, மிதித்து மிதித்துச் சாம்பல் குழைந்து போயிருந்தது. கால்விரல்கள் எல்லாம் வீட்டைப் பார்த்தே இருந்தன.

திரும்பிப் போன தடம் எதுவும் இல்லை.

இரவு முழுக்க நின்றிருக்கிறான். யாராவது உள்ளே வா என்று சொல்வார்கள் என்று நின்றிருக்கிறான்.

ஈரக்கரி வாடை எங்கிருந்தோ வந்தது. பாவோச்செங்தான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வெறும் வாசலைப் பார்த்து முணுமுணுத்தார்.

"உள்ள வாடா தம்பி. நான் சொல்றேன். வந்து சாப்பிடு."

எதுவும் அசையவில்லை. நெடுநேரம் கழித்து அவர் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும், வழக்கப்படி சிவப்புச் சாயமிட்ட முட்டைகளோடு ஒரு மதியம் அவர் வந்தார். யுன்ஷியா அடுப்பருகே நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். அவர் மேசையருகே உட்கார்ந்து அவளுக்கு ஒரு முட்டையை எடுத்து வைத்தார்; குழந்தை யார் ஜாடை என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல வாய் திறந்தபோது உள்ளறையில் இருமல் கேட்டது.

நெஞ்சின் அடியிலிருந்து கரித்தூசியைக் கிளப்பிக்கொண்டு வரும் இருமல்.

பாவோச்செங்கின் கை கூடையின் மேல் நின்றது. "யாரும்மா உள்ள?"

அவள் நிமிரவில்லை. மாவை உருட்டிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"நீங்கதான அத்தான் கூப்பிட்டீங்க."

அவர் கூடையிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

உள்ளே கட்டில் பலகை கிறீச்சிட்டது, படுத்திருந்தவன் எழுந்து உட்காருவதுபோல.