பாடம் மட்டும் அந்தப் பக்கம்

ஆறடி அகலத்தில் அண்ணன் சிரித்தான்.

ஏழாம் வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த ஸ்மார்ட் போர்டில், பாடம் வரவேண்டிய இடத்தில், செத்துப்போய்ப் பதினோரு மாதமான அவன், பயிற்சி ஆசிரியையின் அண்ணன், பல் தெரியச் சிரித்தான். மடிக்கணினி அவனுடையது. வீட்டில் வேறு கிடையாது. கேபிளைச் செருகினால் தன் திரையில் இருப்பது அப்படியே சுவரில் விரியும் என்று அவளுக்குத் தெரியும். விரியும்போது முதலில் எது தெரியும் என்று மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டாள். முதல் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, "டீச்சர், இது யாரு?" என்று கேட்டது. அவ்வளவுதான்... மனப்பாடம் செய்து வைத்திருந்த நாற்பது நிமிடப் பாடமும் மறந்துபோனது. மதிப்பெண் போடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் அம்மா பேனாவைத் திறந்தார்.

கதவோரம் ஸ்டூல்மேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன் குதித்து வந்து கேபிளைப் பிடுங்கினான். திரை கறுத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்... நல்ல கண்கள்தான், பாவிக்கு. வாய்தான் சரியில்லை.

"பாடம் எடுக்க வரும்போது படத்தையாவது மாத்திட்டு வரக்கூடாதா?" என்றான், பிள்ளைகள் காதில் விழும்படி.

முதல் சந்திப்பு இவ்வளவு லட்சணமாக நடந்து முடிந்தது.

மேற்பார்வையாளர் மனமிரங்கி இன்னொரு வாய்ப்பு தந்தார். வெள்ளிக்கிழமை. அதிலும் சொதப்பினால் சான்றிதழ் இல்லை, வேலையும் இல்லை. அண்ணன் போனபின் வீட்டில் சம்பாதிக்க மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். போர்டுக்கான மென்பொருளை ஏற்றித் தரச்சொல்லி மடிக்கணினியை அவனிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. பள்ளியின் அத்தனை போர்டுகளையும் கட்டி மேய்க்கிறவன் அவன்தான். பிள்ளைகள் வைத்த பெயர் 'ஒயர் சார்'.

அந்த மனிதன் என்ன செய்தான் தெரியுமா? வகுப்பில் வாய் தவறியதற்குப் பிராயச்சித்தமாக, அந்தப் படத்தை எடுத்துவிட்டு வெறும் நீல நிறத்தை வைத்தான். மென்பொருளுக்கு இடம் போதவில்லை என்று, வேறு சிலவற்றோடு அந்தப் படத்தையும் அடியோடு அழித்தும் விட்டான். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

வீட்டில் அவள் அம்மாவுக்குக் கணினியில் தெரிந்தது ஒன்றே ஒன்று. மூடியைத் திறந்து பொத்தானை அழுத்துவது. சாயங்காலம் ஆனால் மகனைப் பார்த்துவிட்டுத்தான் தட்டின்முன் உட்காருவாள். அன்றைக்குத் திறந்தால் வெறும் நீலம்.

"எங்கடி அவன்?"

மகள் தேடாத இடமில்லை. விபத்துக்கு முந்தின நாள் அவனே எடுத்துக்கொண்ட படம் அது. எடுத்த போன் அவனோடு சேர்ந்து நொறுங்கிப் போனது. வேறு பிரதி கிடையாது. அம்மா கத்தவில்லை. மூடியைச் சாத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை கணினி அறையில், அவன் முன்னால் மடிக்கணினியை வைத்தாள். வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வசவில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

"நீங்க அழிச்சது என் அண்ணனை. அவர் இப்ப இல்ல. எங்கம்மா நேத்து சாப்பிடல."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சால்ஜாப்பு எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் அவள் அங்கேயே நின்றாள். அவன் உட்கார்ந்து தேட ஆரம்பித்தான். திரையில் வைத்த படத்தின் நகல் ஒன்றைக் கணினி சில சமயம் ஏதாவது மூலையில் பதுக்கி வைத்திருக்குமாம். இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஜன்னலில் மழை பிடித்துக்கொண்டது. அவள் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்... அரைமணி நேரம் கழித்து அண்ணன் திரும்ப வந்தான். அதே சிரிப்பு.

"தப்புதான்," என்றான் அவன். "கேக்காம கை வச்சிருக்கக் கூடாது."

அவள் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் படத்தை மாத்த மாட்டேன். வெள்ளிக்கிழமை ஃபெயிலானாலும் சரி."

"மாத்த வேணாம்." அவள் முகத்தைப் பார்க்கும் தைரியமில்லாமல் கேபிளைச் செருகி ஏதோ ஒன்றை மாற்றி அமைத்தான். "இப்ப இது ரெண்டு திரை. அண்ணன் இந்தப் பக்கம், உங்க கூடவே இருப்பாரு. பாடம் மட்டும் அந்தப் பக்கம் போகும்."

சுவரில் வெறும் வெள்ளை. பாடப் படத்தை அவள் மவுஸால் இழுத்தாள். மடிக்கணினியின் ஓரத்தில் நழுவி, போர்டின் ஓரத்தில் போய் முளைத்தது. திரும்ப இழுத்தாள். திரும்பத் தள்ளினாள். பத்தாவது தடவை அவன் மெதுவாக, படம் தேய்ந்துவிடப் போகிறது என்றான். அவள் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது... உடனே ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள்போல வாயை மூடிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. அம்மாவைப் பட்டினி போட்டவனுக்கு நன்றி ஒரு கேடா என்று ரோஷம். அதற்கப்புறம் தினமும் பள்ளி விட்டதும் அவள் ஒத்திகை பார்ப்பாள். அவன் போர்டைச் சரிபார்க்கிறேன் என்று வந்து நிற்பான். அவன் கேட்டதற்கு அவள் பதில் சொல்வாள், அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

வெள்ளிக்கிழமை கொட்டித் தீர்த்தது. பாடமும் மழைதான்: கடல் நீர் ஆவியாகி, மேகமாகி, திரும்பி வரும் கதை. கேபிளைச் செருகிவிட்டுச் சுவரைப் பார்த்தாள், வெறும் வெள்ளைதான். நடுவில் விரல் தவறி மேகம் கடலுக்கடியில் போய் உட்கார்ந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். எப்படியோ மேலே ஏற்றினாள், பாடத்தை முடித்தாள். மேற்பார்வையாளர் பேனாவை மூடிவிட்டு, "பரவாயில்ல, பாஸ்," என்றார். சந்தோஷப்படத் தெம்பில்லை. இதைச் சொல்ல அண்ணன் இல்லையே என்றிருந்தது.

வராந்தாவில் அவன் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான். "போர்டு முதல் நாளே சரியாத்தான் இருந்துச்சு. தினமும் நான் வந்தது உங்களைப் பாக்க."

அவள் திரும்பவில்லை. "எங்க வீட்டுல யாரும் சிரிச்சுப் பதினோரு மாசம் ஆச்சு. அம்மா எங்கிட்டயே ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்ல."

"உங்க அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். நான்தான் அழிச்சேன்னு நானே சொல்லணும்."

அவள் கை ஈரச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. "இன்னைக்குப் பாடத்துல ரெண்டு தடவை பயந்துட்டேன். கேபிள் சொருகினப்ப அண்ணனைப் பாத்தேன்..."

"ரெண்டாவது?"

"மேகம் கீழ விழுந்தப்ப... கதவைப் பாத்தேன். நீங்க நிக்கிறீங்களான்னு."

"நின்னுட்டுதான் இருந்தேன்."

"தெரியும்," என்றாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "சாயங்காலம் வாங்க. அம்மா அண்ணனைப் பாக்கற நேரத்துக்கு."