இருபத்து மூன்றாவது சென்சார்

மற்ற சென்சார்கள் எல்லாம் பதினொரு டிகிரி காட்ட, இருபத்து மூன்றாவது மட்டும் முப்பத்தாறு புள்ளி ஒன்பதில் நின்றது. அவை ஒட்டியிருந்த காற்றுக் குழாயோ காலையிலிருந்து ஓடவேயில்லை, ஜில்லென்று கிடந்தது.

"என்ன சிக்ரிட், உன் குழாய்க்கு உயிர் வந்துடுச்சா?" என்றான் யெஸ்பர், ஏலக்காய் ரொட்டியை மென்றபடி.

"வயர் விட்டிருக்கும். காப்பி ஆறதுக்குள்ள ஒட்டிட்டு வந்துடறேன்."

"பூட்டு?"

"மாட்டாம போவேனா? உன்ன நம்பியா?"

டர்பைன் பிளேடைக் குளிரவைக்கும் துளைகளைச் சோதிக்க அவளே வரைந்து, அவளே கட்டிய குழாய் அது. உள்ளே போகிறவர் தன் பூட்டை மெயின் ஸ்விட்சில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பூட்டு தொங்கும்வரை சுடுகாற்று ஊதும் ஃபேன் ஓடாது. சாவி ஒன்றே ஒன்று. அது அவள் சட்டைப்பையில் இருந்தது.

காதில் ஹெட்போன் மைக்கை மாட்டிக்கொண்டு வட்டத் திறப்பு வழியே நுழைந்து, பெயின்டும் பசையும் நாறும் இருட்டில், தோள் இரண்டும் இரும்பில் உரச, தன் மூச்சே தனக்குத் திரும்பி வந்து காதில் மோத, வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து சென்சார்கள் ஒட்டிய கருப்புத் தகடு வரை போய்ச் சேர்ந்தாள். வயர் விட்டிருக்கவில்லை. கெட்டியாகத்தான் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் தடவினாள். வெதுவெதுவென்று, ஈரமாக, அடியில் ஏதோ மெல்லத் துடிப்பதுபோல.

கையை இழுத்துக்கொண்டாள்.

பின்னால் மூடி சாத்தும் சத்தம். அப்புறம் போல்ட் இறுகும் சத்தம். ஒன்று. இரண்டு.

"யெஸ்பர்! விளையாடாத. நான் உள்ள இருக்கேன்."

மைக்கில் அவன் குரல் கேட்டது. அவளிடம் பேசவில்லை.

"எட்டு போல்ட்டும் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அது பெண் குரல். சிக்ரிட்டின் குரல்.

"அதுக்குள்ள வந்துட்டியே! சரி, பூட்டக் கழட்டு."

சிக்ரிட் சட்டைப்பையைத் துழாவினாள். சாவி இல்லை.

"மைக்ல ஏதோ கத்துற மாதிரி இருக்கே?"

"அது கரகரப்புடா. அணைச்சுத் தொலை. காப்பி ஆறுது."

மைக் செத்தது.

தகட்டில் கையை ஊன்றி உதைத்தாள். மூடி அசையவில்லை. திரும்பவும் இடமில்லை. தகட்டைப் படமெடுக்கும் கேமராவின் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எங்கோ தூரத்தில் ஃபேன் உறுமியது. சுடுகாற்று காலில் பட்டது. முதுகில். கழுத்தில்.

தகட்டின் கருப்புப் பூச்சு, சூடு பட்டால் நிறம் மாறுவது. மனிதக் கை பட்டாலே போதும், நீலமாகிவிடும்.

தகடு சிவந்தது. பச்சையானது. முழுக்க நீலமானது.

முழுக்க இல்லை. அங்கங்கே, கைகளின் வடிவில், கருப்பு. விரல் விரித்த கைகள். சூடே இல்லாத கைகள். ஐந்து. பத்து.

ஒன்று நகர்ந்தது.

சிக்ரிட் தகட்டில் ஊன்றியிருந்த தன் கையை அலறிக்கொண்டு பிடுங்கினாள்.

அந்த இடமும் கருப்பாக இருந்தது.