கண்ணை மூடாத லூக்கா

குடைச்சலுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

எதையும் கேட்டுக் குடைந்தெடுப்பதால் அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் நாடகத்தில் அவள்தான் லூக்கா. இயேசுவின் வாழ்க்கையை எழுதிய நால்வரில் ஒருவர். ஆனால் பைபிள் சொல்லித்தரும் மறைக்கல்வி டீச்சர் ஒத்திகையில் அந்த லூக்காவுக்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள்.

"கண்ணை மூடிக்கோ. வானதூதர் காதுல சொல்லச் சொல்ல, உன் கை மட்டும் தானா ஓடணும்."

"அப்போ லூக்கா என்ன செய்றார், டீச்சர்?"

"எழுதுறார்."

"தூங்கிக்கிட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. மேடையில் தொங்கிய அட்டையைக் காட்டினார். 'எழுதியவர்: கடவுள்' என்று அதில் இருந்தது.

"இது கடவுளோட வார்த்தை. சொன்னபடி செய். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வானதூதர் வேறு யாருமில்லை, அவள் தம்பி. காது எட்டாததால் முக்காலியில் ஏறி, அட்டை இறக்கையோடு ஆடிக்கொண்டு நின்றான். "அக்கா, கால் வலிக்குது" என்பதைத் தவிர அவள் காதில் அவன் வேறு எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை. பாடுபட்டு எழுதிய மனுஷரை வெறும் பேனாவாக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? பைபிளை எடுத்து, லூக்கா எழுதிய பகுதியின் முதல் பக்கத்தைப் படித்தாள். எல்லாவற்றையும் நன்றாக விசாரித்துத்தான் எழுதுகிறேன் என்று அவரே சொல்லியிருந்தார்.

"பாத்தியாடா, இவரும் ஒரு குடைச்சல்தான்" என்றாள் தம்பியிடம்.

மறுநாள் ஒத்திகையில் அவள் கண்ணை மூடவில்லை.

"டீச்சர், ஒரே ஒரு தடவை நான் செய்றதைப் பாருங்க. பிடிக்கலேன்னா வேற ஆளைப் போட்டுக்கோங்க."

தம்பியை முக்காலியிலிருந்து இறக்கினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நோட்டோடு மேடை முழுக்க நடந்தாள். ஆடு மேய்ப்பவர்களாக வேடம் போட்டவர்களை விசாரித்தாள். இயேசுவின் தாய் மரியாள் வேடத்தில் இருந்தவளிடம், "அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா?" என்று கேட்டாள். எழுதினாள், அடித்தாள், யோசித்து மறுபடியும் எழுதினாள். போன இடமெல்லாம் வானதூதரும் கூடவே போனார்.

"எல்லாத்தையும் லூக்காவே செஞ்சுட்டா, கடவுள் எங்கே?" என்றார் டீச்சர்.

"கூடவே வந்தாரே, டீச்சர். அவர் காதுகிட்ட மட்டும்தான் இருப்பாரா? லூக்கா கேக்கும்போதும் யோசிக்கும்போதும் அவருக்குள்ள இருந்து நடத்தினார். கடவுள் சொல்ல நினைச்சதைத்தான் லூக்கா எழுதினார், ஆனா சொந்த மூளையை வச்சு எழுதினார். மூளையைக் கொடுத்தவரே அதை மூடி வைக்கச் சொல்வாரா?"

வேடம் போனாலும் போகட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

டீச்சர் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, அட்டையில் 'கடவுள்' என்பதை 'கடவுளும் லூக்காவும்' என்று ஆக்கினார்.

முக்காலியை இழுத்துப் போட்டு அதில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

"ம், முதல்லேர்ந்து நடத்து."