ஒட்டடைக்குச்சி விருது

ஆட்டம் சமமாக முடிந்துவிட்டது. இனி பெனால்டிதான்.

மழை தூறிக்கொண்டே இருந்தது. கோல்கீப்பர் குருவி கையுறைகளை இழுத்து மாட்டிக்கொண்டாள். கோல் கம்பத்துக்கு நடுவே நின்றால் இருக்கிற இடமே தெரியாது, அவ்வளவு குட்டி. அதனால்தான் 'குருவி' என்ற பட்டப்பெயர்.

"நல்லாப் பிடி! ஒட்டடைக்குச்சி விருது உனக்குத்தான்!" என்று கத்தினான் அணித்தலைவன். அவன் அவளுடைய சொந்த அண்ணன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குருவிக்கு எரிச்சலாக வந்தது. சிறந்த கோல்கீப்பருக்குத் தரும் விருதாம். வைக்க வேறு பெயரே கிடைக்கவில்லையா?

விசில் ஒலித்தது. அண்ணன் அணியின் முதல் பந்து கோல். அடுத்து எதிரணியின் முதல் பந்து. குருவி பாய்ந்து தட்டிவிட்டாள்.

மறுபடி அண்ணன் அணியின் முறை. எதிரணி கோல்கீப்பர், இரட்டைச்சடை போட்ட ஒரு பெண். பந்து அவள் கையில் பட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கோல்!

எல்லோரும் குதித்தார்கள். குருவி மட்டும் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். கையுறை மணிக்கட்டிலிருந்து விரல்வரை கிழிந்து தொங்கியது. உள்ளங்கை சிவந்திருந்தது.

குருவி தன் கையுறைகளைக் கழற்றினாள்.

"இந்தா, உன் முறை வரும்போது இதைப் போட்டுக்கோ. என் முறைக்குத் திருப்பிக் குடுத்துடு."

அண்ணன் ஓடி வந்தான். "உனக்கென்ன பைத்தியமா? சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறியே!"

"அவ கை செவந்து போச்சுண்ணா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா பிடிக்கப் போறோம்?"

அண்ணன் நடுவரைப் பார்த்தான். நடுவர் யோசித்துவிட்டு, "தாராளமா மாத்திக்கலாம்" என்றார்.

அதன்பின் ஒரே ஜோடிக் கையுறை அங்கும் இங்குமாக அலைந்தது. குருவி ஒரு பந்தைப் பிடித்தாள். இரட்டைச்சடை இரண்டைப் பிடித்தாள். இரண்டு அணிகளுக்கும் கடைசியாக ஆளுக்கொரு பந்துதான் மிச்சம். கணக்கு சமம்.

அண்ணன் ஓடிவந்து உதைத்தான். இரட்டைச்சடை எம்பினாள். பந்து கையுறைக்குள் பசை வைத்தாற்போல் ஒட்டிக்கொண்டது.

அண்ணன் குருவியை முறைத்தான். அவள் போய்க் கையுறைகளை வாங்கி மாட்டினாள். ஈரத்தில் கனத்தன.

இப்போது எதிரணித் தலைவன். சுருட்டைமுடிக்காரன். ஓடினான். உதைத்தான். குருவி பாய்ந்தாள். விரல்நுனியில் பட்டது! பந்து கம்பத்தில் மோதி, ஒரு நொடி தயங்கி, மெல்ல உருண்டு கோட்டைத் தாண்டியது.

தோல்வி.

"அந்தக் கையுறையை மட்டும் குடுக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த அண்ணன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். குருவி ஈரக் கையுறைகளைக் கழற்றினாள். தப்புப் பண்ணிவிட்டோமோ?

அப்போது சுருட்டைமுடிக்காரன் அவளைத் தேடி வந்தான்.

"விருது யாருக்குன்னு கேட்டாங்க. உன்னைத்தான் சொன்னோம்."

"என்னையா? உங்க கோல்கீப்பர்தான ஜெயிச்சா?"

"அவதான் முதல்ல உன்னைச் சொன்னா. இந்த விருதை எப்பவும் எதிரணிதான் குடுக்கும். ஏன்னு தெரியாதா?"

"தெரியாதே."

"அந்தக் காலத்துல ஒரு கோல்கீப்பர் இருந்தாராம். ஒல்லியா, நெட்டையா. எந்த மூலைக்கு அடிச்சாலும் அவர் கை எட்டிடுமாம். கடுப்புல எதிரணிக்காரங்க ஒட்டடைக்குச்சின்னு கூப்பிட்டாங்க. அவர் ஆடறதை நிறுத்தினப்போ, அவரைத் தாண்டிக் கோல் போட முடியாதவங்க எல்லாம் சேர்ந்து இந்த விருதை ஆரம்பிச்சாங்க. அவர் பேரை யாரும் மறந்துடக் கூடாதுன்னு."

"தோத்தவங்களா வச்சாங்க?"

"ஆமா. எங்க தாத்தாவும் அதுல ஒருத்தர்!"

ஒலிபெருக்கி கரகரத்தது. "இந்த வருஷ ஒட்டடைக்குச்சி விருது... குருவிக்கு!"

மைதானமே கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தவள் குருவிதான். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் அண்ணன்.

கோப்பை அவள் இடுப்பளவு இருந்தது. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

"அடுத்த தடவை கம்பத்துல படாமலே கோல் போடுவேன், பாரு" என்றான் சுருட்டைமுடிக்காரன்.

"போடு, பாக்கலாம்" என்றாள் குருவி, கோப்பையைப் பந்துபோல் இறுக்கிப் பிடித்தபடி.