நாலு விரல் சந்து

சுவர் தட்டியது. அல்தீனா முதலில் எலி என்று நினைத்தாள், அப்புறம் ஜெனோவாக்காரன் என்று நினைத்தாள். பீசாக்காரியான அவள் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மேலே நல்ல பகல். அக்கோ நகரம் எரிந்துகொண்டிருந்தது. சிலுவைக் கொடியோடு கடல் கடந்து வந்தவர்களின் அரசில் மிச்சமிருந்த பெரிய நகரம் அது ஒன்றுதான். விடிந்ததும் சுல்தானின் ஆட்கள் கோட்டையை உடைத்து உள்ளே வந்துவிட்டார்கள். ஒட்டகங்களின் மேல் கட்டிய முரசுகள் தெருத்தெருவாக நெருங்கி வர, அவள் நின்ற நிலவறையின் எண்ணெய் ஜாடிகள் ஒன்றோடொன்று பற்களைப் போல உரசிக்கொண்டன. படகு ஏறினால் உயிர் மிஞ்சும். ஆனால் துறைமுகத்துக்கு ஜெனோவாத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெரு வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று பீசா, ஜெனோவா, வெனிஸ் என்ற மூன்று இத்தாலிய ஊர்களின் வியாபாரச் சபைகள் நேற்று மாலை வரை சண்டை போட்டன. இப்போது சாவியும் இல்லை, சபையும் இல்லை.

மிச்சமிருந்த வழி இந்த நிலவறைதான். ஒரு காலத்தில் இதற்கும் பக்கத்து ஜெனோவா வீட்டு நிலவறைக்கும் நடுவே கதவு இருந்தது. தெருச்சண்டை மூண்ட வருஷம் பீசாக்காரர்கள் அதைக் கல் வைத்து அடைத்தார்கள். பீசாக்காரன் கட்டிய சுவரை நம்ப முடியாது என்று ஜெனோவாக்காரர்கள் தங்கள் பக்கம் இன்னொன்று கட்டினார்கள். ஒருவர் சுவரில் மற்றவர் சுவர் பட்டால் இடத்துக்கு உரிமை கேட்பார்கள் என்ற பயத்தில் நடுவே நாலு விரல் சந்து விட்டார்கள். பூனைகூட நுழைய முடியாத சந்து.

தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. மூன்று தட்டு, நிதானமாக.

"அண்ணி, வேணாம்," என்றான் ரைனூச்சோ. செத்துப்போன அவள் கணவனின் தம்பி. கடப்பாரையைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்திருந்தான். "இந்தச் சுவரைத் தொடறவன் துரோகின்னு நம்ம ஆளுங்க சத்தியம் பண்ணியிருக்காங்க."

"சத்தியம் பண்ணினவங்க முந்தாநாளே கப்பல் ஏறிட்டாங்க. நீ கல்லப் பேத்தெடு."

அவன் பெயர்த்தான். கல் அசைந்ததும் உள்ளிருந்து ஈரச் சுண்ணாம்பின் வாடை வந்தது, நேற்றுத்தான் பூசியதுபோல. முப்பது வருஷச் சுவர் இப்படி மணக்கக்கூடாது. ஒரு கல் வெளியே வந்தது. விளக்கின் சுடர் அந்த ஓட்டையை நோக்கிச் சாய்ந்தது, யாரோ மெல்ல மூச்சை உள்ளே இழுத்ததுபோல.

"யாருடா அது, என் சுவரை நோண்டறது?" மறுபக்கத்திலிருந்து கிழட்டுக் குரல்.

அல்தீனாவுக்கு உயிர் வந்தது. லான்ஃபிரான்கோ. இத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்த்து எச்சில் துப்பிய பக்கத்து வீட்டு ஜெனோவாக் கிழவன்.

"உன் சுவர் அந்தப் பக்கம்யா. இது என்னோடது. படகு வச்சிருக்கியா?"

"இருக்கு. துடுப்புப் போடத்தான் ஆளில்ல."

"எங்கிட்ட தடிமாடு மாதிரி ஒருத்தன் இருக்கான். சுவரை உடை. ரெண்டு பேருக்கும் இடம் குடு."

"ஒருத்தருக்குத்தான் இடம் இருக்கு, பீசாக்காரி."

"அப்ப நீயே துடுப்புப் போட்டுக்கோ. சுல்தான் ஆளுங்க கரையில நின்னு கைதட்டுவாங்க."

கிழவன் இருமினான், அல்லது சிரித்தான். "சரி, ரெண்டு. ஆனா கை குடுத்தாத்தான் பேச்சு. பீசா நாக்கை நான் நம்பறதில்ல."

ஊரே எரிகிறது, இருந்தாலும் இந்தத் துறைமுகத்தில் கை பிடிக்காமல் எந்த வியாபாரமும் முடிந்ததில்லை. அந்தப் பக்கம் கடப்பாரை மோதும் சத்தம் கேட்டது. ஒரு கல் விழுந்தது. அல்தீனா கையை முழங்கை வரை ஓட்டைக்குள் விட்டாள்.

குளிர். ஈரம். பிறகு ஒரு கை அவள் கையைப் பற்றியது. உறுதியான பிடி, வியாபாரியின் பிடி.

"சரி, முடிஞ்சது," என்றாள். "விடு."

"எதை விட?" என்றான் லான்ஃபிரான்கோ. "விழுந்தது மேல என் வீட்டுக் கூரைக் கல்லு. என் சுவர்ல இன்னும் ஒரு கல்லுகூட அசையல."

முரசுகள் நின்றிருந்தன. எப்போது நின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணி..."

"சும்மா இரு."

பிடி இறுகியது. இழுத்தது. மெதுவாக. அவள் தோள் சுவரில் மோதியது. கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டியது.

இந்தச் சுவரைக் கட்டியவர்கள் ஓடிவிட்டார்கள். சாவிக்குச் சண்டை போட்டவர்கள் ஓடிவிட்டார்கள். இவள் ஓடவில்லை. நாலு விரல் சந்துக்கு இவளைக் கொடுத்துவிட்டுப் போக யாருக்கு உரிமை?

"ஏய்," என்றாள் இருட்டைப் பார்த்து. குரல் நடுங்கியது, அதற்கும் சேர்த்துக் கத்தினாள். "என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்னையே இழுக்கறியா?"

ஒரு காலைத் தூக்கிச் சுவரில் ஊன்றினாள். இழுத்தாள்.

வந்தது.

விளக்கு வெளிச்சத்துக்கு முதலில் விரல்கள் வந்தன. வெள்ளை. நுனிகள் தட்டித் தட்டித் தேய்ந்திருந்தன. விரலுக்கு ஒரு மோதிரம்: பீசாவின் முத்திரை, ஜெனோவாவின் முத்திரை, வெனிஸின் முத்திரை, அரசரின் முத்திரை. ஊரில் ஒன்றோடொன்று பேசாத முத்திரைகள் எல்லாம் ஒரே கையில்.

ரைனூச்சோ கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான். படிகளில் அவன் காலடி கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது.

"பீசாக்காரி, அங்க என்ன?" கிழவனின் குரல் மெலிந்திருந்தது. "எதையாவது சொல்லு."

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தாள்.

அதே கையில் இன்னொரு முழங்கை வந்தது.

"வா," என்றாள். "மூஞ்சியக் காட்டு."

அதற்குப் பின்னால் இன்னொரு முழங்கை.