மூடிய அறையில் மூன்று மணி ஈரம்

இஞ்சோன் நகரில் சுவர்த்தாள் ஒட்டும் மிரானின் கடைக்கு ஹ்வாங் அம்மாள் வந்தபோது காலை ஒன்பதரை. மிரானின் கொழுந்தன் டால்சு வாளியில் பசை கலக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு காகிதத்துல எழுதிக் குடு மிரான். கீழ் வீட்டு ஹேஜின் துணி காயப்போட்டுத்தான் சின்ன அறையில பூசணம் பிடிச்சுதுன்னு எழுது. புத்தாண்டுக்குள்ள அவளைக் காலி பண்ணச் சொல்லணும். சீக்கிரம், பன்னிரண்டரைக்குப் பாட்டுக் குழுவுக்குக் கிளம்பணும், தினமும் ஒத்திகை."

ஹ்வாங் அம்மாள் மாடியில் இருந்தாள்; கீழே வாடகைக்கு இருந்த ஹேஜினுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். மகளின் பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். வீடு மாறினால் பள்ளியும் மாறும்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்றாள் மிரான்.

"ரத்தக்கொதிப்பு. இந்த இலையுதிர் காலத்துலதான் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் வைக்கிற சப்புன்னு இருக்கிற சூப்பை ஒரு முணுமுணுப்பில்லாம குடிக்கிறார், பாவம். ஆனா கொதிப்பு இறங்கமாட்டேங்குது."

"அந்தச் சூப்பைக் குடிச்சா யாருக்குத்தான் கொதிக்காது!" என்றான் டால்சு.

"நீ பசையைக் கலக்கு" என்றாள் மிரான்.

பத்து மணிக்கு அவர்கள் அந்த அறையைப் பார்த்தார்கள். கீழ்த்தளத்தில் இரு குடும்பமும் சாமான் போட்டு வைக்கும் அறை. சாவி இரு வீட்டிலும் உண்டு. வீண் செலவென்று ஹ்வாங் அம்மாளே அதன் தரையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் வால்வை மூடியிருந்தாள். ஜன்னல் ஓரக் கூரையில் தட்டு அகலத்துக்குக் கறுப்பு வட்டம். கண்ணாடி காய்ந்திருந்தது.

டால்சு புதிதாக வாங்கிய ஈரமானியைச் சுவரெல்லாம் குத்தினான். "குழாய் வெடிச்சிருக்கு அண்ணி!"

"கசிவுன்னா பழுப்புக் கோடு இறங்கும். இங்க இல்லை. அலமாரியை நகர்த்து."

அலமாரியின் பின்சுவர் சுத்தமாக இருந்தது. அறையில் கயிறு கட்ட ஓர் ஆணிகூட இல்லை.

வாசலில் ஹ்வாங் அம்மாளின் கணவர் கிபோங் எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு துணி காயப்போடறதை நானே பார்த்தேன்."

மிரான் ஜன்னல் கண்ணாடியை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். மூன்று மணிக்கு அவளும் டால்சும் மீண்டும் வந்தார்கள். அதே ஜன்னலில் இப்போது தண்ணீர் வழிந்தது. வட்டத்துக்கு நேர் கீழே, தூசி படிந்த தரையில், ஒருவர் உட்காரும் மெத்தைத் திண்டின் அளவுக்கு மட்டும் தூசியில்லை.

"ஏனோ தெரியலை அண்ணி, உள்ள வந்ததும் பசிக்குது" என்றான் டால்சு.

"அதுதான் இன்னிக்கு நீ சொன்னதுல உருப்படியானது."

மாலை ஹேஜின் திரும்பியதும் மிரான் எல்லோரையும் அந்த அறைக்கே அழைத்தாள். ஹேஜின் கதவருகே கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

"துணி ஈரம் அறை முழுக்கப் பரவும்" என்றாள் மிரான். "காத்துப் போகாத அலமாரி முதுகுலதான் முதல்ல ஒட்டும். அங்க ஒண்ணுமில்லை. இது ஒரே இடத்துல இருந்து நேரா மேல ஏறின ஆவி. காலையில கண்ணாடி காஞ்சிருக்கு, மூணு மணிக்கு நனைஞ்சிருக்கு. ஹேஜின் அப்ப தொழிற்சாலையில. அம்மா பாட்டுக் குழுவுல. வீட்டுல இருக்கிறது ஒருத்தர்தான். கொதிப்பும் இறங்கலை. டால்சுக்குப் பசிச்சது எதனாலன்னு நீங்களே சொல்லுங்க ஐயா."

கிபோங் தரையைப் பார்த்தார். "ராம்யன் நூடுல்ஸ், நல்ல உப்புச் சூப்போட. கையில தூக்கிட்டு வர்ற கேஸ் அடுப்புல. ஜன்னலைத் திறந்தா வாசனை மாடிக்கு ஏறிடும்."

"அதுக்கு இவ தலையில பழி போடுவீங்களா!" ஹ்வாங் அம்மாளின் முகம் சிவந்தது.

"உங்க பங்கும் உண்டும்மா" என்றாள் மிரான். "சில்லிட்ட அறை வீட்டு ஈரத்தையெல்லாம் இழுத்துக்கும். வால்வைக் கொஞ்சமாவது திறந்து வைங்க. காலையும் மாலையும் பத்து நிமிஷம் ஜன்னல். அலமாரி சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி."

கிபோங் ஹேஜினுக்கு முன் இடுப்பு வளையக் குனிந்தார். "மன்னிச்சிடும்மா."

"எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை நான் சீக்கிரம் வந்தப்ப பார்த்தேன்" என்றாள் ஹேஜின் மெதுவாக. "அவர் கெஞ்சலை, தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அதுக்கு மேல எப்படி மாட்டிவிடறது?"

"வீடு போனாலும் பரவாயில்லைன்னா?" என்று கேட்டாள் மிரான்.

ஹேஜின் கையுறையை மெல்லக் கழற்றினாள்.

"முட்டாள்! அவர் உயிர் போயிருந்தா?" ஹ்வாங் அம்மாளின் குரல் உடைந்தது. "இனிமே வாசனை வந்தா உடனே மாடி ஏறி வந்து சொல்லு. அடுத்த குளிர்காலத்துலயும் சொல்லு."

"அடுத்த குளிர்காலமா?"

"பின்னே? பொண்ணு படிப்பை முடிக்க வேண்டாமா?"