பச்சைத் தோல் கட்டு

ஜெயபுஷ்பத்துக்குக் கோபம் வந்தால் மூக்கு விடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து ஆம்பூரில் அவள் தெருவே சிரிக்கும். "ஊசி மிளகாய்க்குக் கோபம் வந்துடுச்சு டோய்!" என்று கத்துவார்கள். பதினொரு வயதுப் பெண் கோபித்தால் அது வேடிக்கை. அதே கோபம் பெரியவர்களுக்கு வந்தால் மட்டும் எல்லோரும் கப்சிப். இது என்ன நியாயமோ!

ஆனால் அந்த ஐப்பசி மாதத்தில் அவளுக்கு வந்த கோபம் வேடிக்கையில் முடியவில்லை. அது அப்பாவின் சைக்கிளால் வந்த கோபம்.

அப்பா தேவசகாயம் மிஷன் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். பாலாற்றுக்கு அக்கரையில் உள்ள கிராமங்களுக்குக் காய்ச்சல் மருந்து கொண்டுபோவது அவர் வேலை. ஆற்று மணலில் சைக்கிள் ஓடுமா? சக்கரம் புதைந்துவிடும். அதனால் டாக்டர் அவருக்கு ஒரு மடக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். ஜெர்மன் சண்டையின்போது சிப்பாய்கள் முதுகில் கட்டிச் சுமந்த சைக்கிள் அது. சண்டை முடிந்ததும் பெங்களூரில் ஏலத்துக்கு வந்தது.

அதன் சட்டத்தில் மேல் பார், கீழ் பார் என்ற இரண்டு குழாய்களிலும் நடுவில் கீல் இருக்கும். திருகைத் தளர்த்தினால் புத்தகம் போல மடியும். அப்பா ஆற்றங்கரை வரை ஓட்டிப் போவார். மடித்து முதுகில் மாட்டிக்கொண்டு மணலைக் கடப்பார். அக்கரையில் விரித்து மறுபடி ஏறிக்கொள்வார்.

தினமும் சாயங்காலம் அதைத் துடைத்து வைப்பது ஜெயபுஷ்பத்தின் வேலை. அன்று துடைக்கும்போது மேல் பாரில், கீலுக்குப் பக்கத்தில், ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். நகத்தின் நுனி உள்ளே இறங்கியது.

முடி இல்லை. விரிசல்!

"அப்பா! சைக்கிள் விரிசல் விட்டுப் போச்சு!"

அப்பா விளக்கைக் கொண்டுவந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "அடக் கடவுளே! இதை வேலூருக்கு எடுத்துட்டுப் போய்த்தான் சரி பண்ணணும். திங்கட்கிழமை நான் அக்கரைக்குப் போயாகணுமே. அங்க வீட்டுக்கு வீடு காய்ச்சல்."

"வேலூர் எதுக்கு மச்சான்? நான் எதுக்கு இருக்கேன்?" என்றபடி உள்ளே வந்தார் மாசிலாமணி மாமா.

மாமா அம்மாவின் தம்பி. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பெரிய மனசு, அதைவிடப் பெரிய வாய். யார் வீட்டில் எது உடைந்தாலும் கூப்பிடாமலே ஓடி வருவார். ஆம்பூரில் எதையும் தோலால்தான் கட்டுவார்கள். நுகத்தடி விட்டுப்போனால் தோல். மண்வெட்டிப் பிடி ஆடினால் தோல். வேறு யோசனை மருந்துக்குக்கூட வராது.

மறுநாள் மாமா இன்னும் பதனிடாத, ஈரமான பச்சைத் தோல் ஒன்றைக் கொண்டுவந்தார். விரிசலின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றினார். நரம்பால் தைத்தார். வெயிலில் நிறுத்தினார். அதிசயமாக இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. தோல் காய்ந்து, சுருங்கி, பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மாமா அதைச் சுத்தியால் தட்டினார். டொக் டொக் என்று சத்தம் வந்தது.

"பாத்தியா மச்சான்? பச்சைத் தோல் காஞ்சா இரும்பையே ஜெயிச்சுடும்!"

வந்தவர் போனவர் எல்லோரும் தட்டிப் பார்த்தார்கள். "பலே மாசிலாமணி!" என்றார்கள். ஜெயபுஷ்பமும் பார்த்தாள். அவள் மூக்கு விடைத்தது.

"மாமா, கீலையும் சேர்த்துக் கட்டிட்டியே! சைக்கிள் எப்படி மடியும்?"

மாமா ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். "மடிஞ்சாதானே விரிசல் விடும்? இனிமே மடியவே மடியாது! அதான் என் வேலை!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"விரிசல் அப்படியே உள்ள இருக்குது. நீ மேல மூடி வெச்சிருக்கே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா? அப்பா விழுந்தா யாரு பொறுப்பு?"

சிரிப்பு நின்றது. அம்மா அமிர்தவள்ளி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமாவை மரியாதை இல்லாம பேசாதடி!"

"போதும் புஷ்பம், உள்ள போ," என்றார் அப்பா.

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அழுகை வந்தது, அழுகையைவிடக் கோபம் ஜாஸ்தியாக வந்தது. ஆற்றங்கரைக்குப் போகும் பாதை செங்குத்தான சரிவு. அந்தச் சரிவில் சைக்கிள் இரண்டாகப் போனால் அப்பாவின் கதி என்ன? இதைக் கேட்டால் அது மரியாதைக் குறைவா? தப்பு செய்தவருக்கு 'பலே', சொன்னவளுக்கு 'உள்ள போ'!

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மிஷன் கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் சளப் சளப் என்று ஒரு சத்தம் கேட்டது. தெருநாய் கைசர் சைக்கிளின் மேல் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு தோல் கட்டை ஆசை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது.

"சீ! போடா!" என்று விரட்டினாள். கைசர் நகரவில்லை. அதற்கு அது சைக்கிள் இல்லை, காலைச் சாப்பாடு. காதைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டது.

எச்சிலைத் துடைக்கப் போனவள் சட்டென்று நின்றாள். நாய் நக்கிய இடத்தில் விரல் அழுந்தியது. மற்ற இடமெல்லாம் கட்டை போலக் கெட்டி. அந்த இடம் மட்டும் கொழகொழ.

ஜெயபுஷ்பம் கைசரைப் பார்த்தாள். முதல் தடவையாக அதன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

கோயில் முடிந்து அவள் வந்தபோது மாமா வாசலில் நாலு பேரை நிறுத்திவைத்துத் தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நயீம் அகமது பாய்கூட வந்திருந்தார். ஜெயபுஷ்பம் நேராகப் போய் மாமா முன்னால் நின்றாள்.

"மாமா, ஷாப்புல உன் வேலை இன்னா?"

"இது இன்னா கேள்வி? ஊருக்கே தெரியும். காஞ்சு வர்ற தோலைத் தண்ணித் தொட்டியில ஊறப்போடறேன்."

"எதுக்கு ஊறப்போடறே?"

"எதுக்குன்னா... தோல் இளகறதுக்..." மாமாவின் வாய் பாதியில் நின்றது.

நயீம் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "வாஸ்தவமான கேள்விதான்," என்றார்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது நாள் பூரா ஊறணும். நாலு தூறலுக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது! வேணும்னா ஊத்திப் பாரு. ஒரு குடம் இல்ல, பத்துக் குடம் ஊத்து!"

சொல்லி வாய் மூடவில்லை, ஜெயபுஷ்பம் குடத்தோடு வந்துவிட்டாள். ஊற்றினாள். கோணிச்சாக்கை நனைத்துக் கட்டின் மேல் சுற்றினாள். சாக்கு காயக் காய மறுபடி ஊற்றினாள். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவள் போகவில்லை. அம்மா கூப்பிட்டும் வரவில்லை. ஒரு கையில் சொம்பு, மறு கையில் கைசரை விரட்டக் குச்சி.

வெயில் சாய்ந்ததும் எல்லோரும் மறுபடி கூடினார்கள். அவள் சாக்கைப் பிரித்தாள். இரும்பையே ஜெயிக்கும் தோல் ஊறிய அப்பளம் போலத் தொளதொளவென்று கிடந்தது.

மாமாவின் முகம் கறுத்தது. "இப்படி ஊத்துனா எந்தத் தோல்தான் தாங்கும்? இது அநியாயம்!"

"ஐப்பசி மழை உன்னைக் கேட்டுக்கிட்டா பெய்யும் மாமா? பாலாத்துல முழங்கால் தண்ணி ஓடுது. சைக்கிள் மடியவும் மடியாது. அப்பா இதைத் தண்ணியிலதானே தள்ளிட்டுப் போவணும்?"

"தோல் போனா போவுது, சைக்கிள் கெட்டியாத்தான் இருக்குது! இதோ, நானே ஏறிக் காட்டறேன்." மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு காலைத் தூக்கினார்.

"ஏறாத!"

அந்தச் சத்தத்தில் கைசரே நாலடி பின்னால் ஓடியது. ஜெயபுஷ்பம் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள். கண்ணில் நீர் கொட்டியது. "உன் மேல எனக்கு அவ்ளோ கோபம் மாமா! ஆனா நீ விழக் கூடாது. யாரும் விழக் கூடாது. அதுக்குத்தானே நான் கத்தறேன்! ஏன் யாருக்கும் புரியலை?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "மாசிலாமணி, காலை எடு. உனக்குப் பதிலா மூட்டையை வெப்போம்."

எதிரே இருந்த கிடங்கிலிருந்து, தோல் பதனிட வைத்திருந்த ஓர் ஆவாரம்பட்டை மூட்டையைத் தூக்கி வந்தார்கள். ஒருவர் முன் சக்கரத்தையும் ஒருவர் பின் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ள, மூட்டையை மெதுவாக சீட்டின் மேல் இறக்கினார்கள்.

'படக்!'

மேல் பார் விரிசலில் விட்டது. கீழ் பார் வளைந்தது. மூட்டை சரிந்து வாசலெல்லாம் ஆவாரம்பட்டை சிதறியது. தோல் மட்டும் இரண்டு துண்டுக்கும் நடுவே வெல்லப்பாகு போல இழுபட்டுத் தொங்கியது.

'நாளைக்குச் சரிவில் நான்...' என்று அப்பாவின் உதடு அசைந்தது. அம்மா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நல்லாத்தானே கட்டினேன்," என்றார் குழந்தை மாதிரி.

ஜெயபுஷ்பத்துக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது. "நல்லாத்தான் கட்டினே மாமா. அதான் தப்பு. ரொம்ப நல்லாக் கட்டிட்டதால விரிசல் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாமப் போச்சு."

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இந்த மாசிலாமணி பேருலதான் மாசு இல்ல," என்று முணுமுணுத்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "மச்சான், நாளைக்கு மருந்துப் பெட்டியை நான் தூக்கிட்டு வர்றேன். நடந்தே போவோம்."

சொன்னபடியே செய்தார். அந்த வாரம் முழுவதும் ஷாப்பில் சொல்லிவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாலாற்றைக் கடந்தார். அக்கரையில் ஒரு வீட்டுக்குக்கூட மருந்து தாமதமாகவில்லை.

அடுத்த வாரம் அப்பா ஜெயபுஷ்பத்தையும் அழைத்துக்கொண்டு ரயிலில் வேலூருக்குப் போனார். சைக்கிள் இப்போது மிக நன்றாக மடிந்தது. மடியக் கூடாத இடத்திலும் மடிந்தது.

வேலூர் பஜாரில் நிசார் அஹமது என்பவர் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். அவர் சின்னச் சுத்தியால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். கீழ்க் கீலுக்கு அடியில் இன்னொரு விரிசல் ஆரம்பித்திருந்தது! இரண்டு பாருக்குள்ளும் புது இரும்புக் குழாயைச் செருகி, ஆணி அடித்து, பித்தளையை உருக்கிப் பற்றவைத்தார். கீல் தானாக மடிந்துகொள்ளாமலிருக்க, குறுக்கே ஒரு பூட்டாணியும் போட்டு, அது தொலையாமல் சின்னச் சங்கிலியில் கோத்தார்.

கடைசியில் கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். "மேல ரெண்டு தடவை அடிச்சா, எங்க விட்டுச்சுன்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது!"

"வேணாம்!" என்றாள் ஜெயபுஷ்பம். மூக்கு விடைத்தது.

நிசார் அஹமது திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. "சொல்லும்மா," என்றார்.

"ஒட்டு போட்ட இடத்தை மூடக் கூடாது. நான் தினம் துடைக்கும்போது பாக்கணும். துரு பிடிக்காம நானே எண்ணெய் போட்டுக்கறேன். மறுபடி விரிசல் வந்தா அப்பா ஏறுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

நிசார் அஹமது பெயிண்ட் டப்பாவை மூடினார். "பேஜார் பிடிச்ச பொண்ணு சாமி," என்றார். ஆனால் அந்த இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கித்தான் கொடுத்தார்.

அப்புறம் தினமும் காலையில் அப்பா சைக்கிளில் ஏறுவதற்கு முன், "என்ன புஷ்பம், போகலாமா?" என்று கேட்பார். அவள் குனிந்து, இரண்டு பித்தளை ஒட்டையும் விரலால் தடவிப் பார்த்து, "போலாம்," என்பாள். அதற்குப் பிறகுதான் பெடலில் கால் வைப்பார். தெருவில் ஊசி மிளகாய் என்று இப்போதும் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் மூக்கு விடைத்தால், 'என்னாச்சு?' என்று முதலில் கேட்டார்கள்.

சரி, இரும்பையே ஜெயிக்கும் அந்தப் பச்சைத் தோல் என்ன ஆயிற்று? மாமாவே அதை அறுத்தெடுத்துக் கைசருக்குப் போட்டார். ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை.